சண்டை மீன் குஞ்சு வளர்ப்பு: இரையை முதலில் தயார் செய்க

பள்ளியில் அறிவியல் செயல்திட்டம் செய்து வரச் சொன்னால், அட்டையிலும் தெர்மாகோலிலும் ஏதேனும் ஒரு மாதிரி செய்து வைத்துவிட்டு வருவதே பெரும்பாலான மாணவர்களின் வழக்கம். விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் உயிருள்ள செயல்திட்டம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒரு ஜோடி சண்டை மீனை வாங்கி, முட்டையிட வைத்து, குஞ்சுகளை விற்பனைப் பருவம் வரை வளர்ப்பதே அது. திண்ணையின் ஒரு மூலையும், இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகளும், பழைய கண்ணாடிப் புட்டிகளும் இருந்தால் போதும். சுமார் நான்கு மாதங்களில் பணி நிறைவு பெறும்.

கடைகளில் 'பைட்டர்' என்று கேட்டால் கிடைக்கும் இம்மீனை முட்டையிட வைப்பது கடினமன்று. நல்ல ஜோடி அமைந்தால் ஓரிரு நாளில் முட்டையிட்டுவிடும், குஞ்சும் பொரித்துவிடும். தொல்லை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. தொட்டி நிறையக் கண்ட குஞ்சுகள் ஐந்தாம் நாள் பாதியாகி, பத்தாம் நாள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துபோவது முதன்முறை வளர்ப்போர் பலரது அனுபவம். நோய் வந்துவிட்டது, தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் உண்மைக் காரணம் பட்டினியே. குஞ்சின் வாய்க்குள் நுழையக்கூடிய இரை அந்த நாட்களில் தொட்டியில் இருப்பதில்லை. நாற்று வளர்ந்து நிற்கும்போது நடவு வயல் உழாமல் கிடந்தால் என்ன ஆகும் என்பதை விவசாயிக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கும் அதே கதைதான். ஆண் மீனையும் பெண் மீனையும் சேர்ப்பதற்கு ஒரு வாரம் முன்னதாகவே குஞ்சுக்கான இரையைத் தயார் செய்யத் தொடங்க வேண்டும்.

வயல் நீரில் வாழ்ந்த மீன்

சண்டை மீனின் தாயகம் தாய்லாந்து. நெல்வயல்கள், வாய்க்கால்கள், புல்லும் சேறும் நிறைந்த ஆழமற்ற நீர்த்தேக்கங்கள் ஆகியவையே இதன் இயற்கை வாழிடம். அந்நாட்டு மக்கள் இதனைப் 'பிளா காட்' என்பர். கடிக்கும் மீன் என்று பொருள். அறிவியலார் இட்ட பெயர் 'பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸ்'. 2019ஆம் ஆண்டில் தாய்லாந்து அரசு இதனைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் சென்னை கொளத்தூர்ப் பகுதியில் பல குடும்பங்கள் வண்ண மீன் வளர்ப்பைத் தொழிலாகக் கொண்டுள்ளன. அங்கு வளர்க்கப்படும் இனங்களில் இதுவும் ஒன்று.

நம் ஊர் ஏரிகளில் உள்ள பனையேறிக் கெண்டையைப் போலவே, சண்டை மீனுக்கும் செவுளுக்கு மேற்புறத்தில் மடிப்பு மடிப்பான தனி உறுப்பு ஒன்று உண்டு. நீரின் மேற்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கி, அவ்வுறுப்பின் வழியே சுவாசிக்கும். இதனால் காற்றுக் குழாய் இல்லாத சிறு புட்டியிலும் உயிர் வாழ்கிறது. அதற்காக அழுக்கு நீரிலும் நன்றாக வளரும் என்று எண்ணிவிடலாகாது. காற்றுக் குறைவைத் தாங்கும் மீன், தன் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவைத் தாங்குவதில்லை.

விரால் தன் குஞ்சுக் கூட்டத்தைக் காத்துத் திரிவதை ஏரிக்கரையில் பார்த்திருப்பவர்களுக்கு இதன் மற்றொரு குணமும் வியப்பளிக்காது. சண்டை மீனில் கூடு கட்டுவதும், முட்டை காப்பதும், குஞ்சு காப்பதும் ஆண் மீனின் வேலை. பெண் மீன் முட்டையிடுவதோடு சரி.

முதல் வேலை இரைப்புட்டி

புதிதாக நீந்தத் தொடங்கும் குஞ்சு மூன்று, நான்கு மில்லிமீட்டர் நீளமே இருக்கும். கடையில் விற்கும் தீவனம் எதுவும் அதன் வாய்க்குள் போகாது. போனாலும் அசையாத இரையை அது தொடாது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத நீர் நுண்ணுயிர்களே முதல் இரை. இவற்றை மீன் வளர்ப்போர் 'இன்புசோரியா' என்பர். உயிரியல் பாடத்தில் படிக்கும் பரமீசியம் இக்கூட்டத்தைச் சேர்ந்ததுதான். இதனை வளர்க்க வேண்டிய மூலப்பொருள் விவசாயி வீட்டில் வைக்கோற்போராகவே நிற்கிறது.

ஒரு கைப்பிடி வைக்கோலைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒரு லிட்டர் நீரில் கால் மணி நேரம் கொதிக்கவைத்து ஆறவிட வேண்டும். ஆறிய நீரையும் வைக்கோலையும் வாய் அகன்ற கண்ணாடி ஜாடியில் போட்டு, மேலும் ஒரு லிட்டர் பழைய நீர் சேர்க்க வேண்டும். குழாய் நீராயின் குளோரின் நீங்க ஒரு நாளாவது திறந்து வைத்திருந்த நீராக இருத்தல் அவசியம். பின்னர் பாசி பிடித்த குளத்து நீர் ஒரு டம்ளர் எடுத்து, துணியில் வடிகட்டி இதில் ஊற்ற வேண்டும். இந்தக் குளத்து நீரே விதை. வடிகட்டாவிட்டால் குஞ்சைத் தின்னும் தட்டான் புழு போன்றவையும் சேர்ந்து வந்துவிடும். ஜாடியின் வாயை மெல்லிய துணியால் கட்டி, வெயில் நேரே படாத வெளிச்சமான இடத்தில் வைக்கலாம். துணி கட்டாமல் விட்டால் கொசு முட்டையிடும்.

இரண்டாம் நாள் நீர் பால் போலக் கலங்கும், நாற்றமும் வீசும். பயந்து கொட்டிவிடக் கூடாது. அது பாக்டீரியாக்கள் பெருகும் நிலை. அவற்றைத் தின்று நுண்ணுயிர்கள் பெருகப் பெருக, நான்கு ஐந்து நாளில் கலங்கல் தெளியும், நாற்றம் குறையும். ஜாடியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் தூசி போன்ற வெண்புள்ளிகள் மெல்ல அசைவது தெரியும். இப்போதுதான் இரை தயார். கலங்கி நாறும் நீரைக் குஞ்சுத் தொட்டியில் ஊற்றுவது நஞ்சு ஊற்றுவதற்குச் சமம். பள்ளியில் நுண்ணோக்கி இருந்தால் நாள்தோறும் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்து, எந்த நாளில் என்ன தெரிந்தது என்று மாணவர் குறித்துவைக்கலாம். செயல்திட்டத்தின் முதல் பக்கம் அதுவே.

ஒரு ஜாடியோடு நிறுத்திக்கொள்வது சரியன்று. மூன்று நாள் இடைவெளியில் இரண்டாவது ஜாடியையும் தொடங்க வேண்டும். ஒன்று தீரும்போது மற்றது கைகொடுக்கும். வைக்கோல் கிடைக்காத இடத்தில் வாழைப்பழத் தோலின் சிறு துண்டையோ முட்டைக்கோஸ் இலையையோ பயன்படுத்தலாம். எதுவாயினும் சமீபத்தில் மருந்து அடித்த வயலிலிருந்து வந்ததாக இருக்கக்கூடாது.

மருந்துத் தெளிப்பான் இருக்கும் வீட்டில்

இங்கே ஓர் எச்சரிக்கை. பூச்சிமருந்து கலக்கிய வாளியைக் கழுவிவிட்டு அதில் மீன் நீர் எடுப்பது, மருந்து தொட்ட கையைத் தொட்டியில் விடுவது, மாட்டு உண்ணிக்கு மருந்து தெளிக்கும் தொழுவத்தருகே தொட்டி வைப்பது ஆகியவை மீனைக் கொன்றுவிடும். செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்துகள் மனிதனுக்கும் மாட்டுக்கும் தீங்கு செய்யாத மிகச் சிறிய அளவிலேயே மீனுக்கு எமனாகும். கொசுவர்த்திச் சுருளிலும் கொசு விரட்டித் திரவத்திலும் இருப்பது பெரும்பாலும் இதே வகைதான். மீன் தொட்டி உள்ள அறையில் இவற்றை ஏற்றாதிருப்பதே நலம். மீனுக்கென்று ஒரு வாளி, ஒரு குவளை, ஒரு வலை ஆகியவற்றைத் தனியே ஒதுக்கி, அவற்றில் அடையாளமும் இட்டுவிட வேண்டும். வீட்டில் உள்ள பெரியவர்களிடமும் சொல்லிவைக்க வேண்டும்.

ஜோடி வாங்குதல்

நான்கு மாதத்துக்குக் குறையாத, ஒரு வயதைத் தாண்டாத மீன்களே இனப்பெருக்கத்துக்கு ஏற்றவை. கடையில் அழகாக நிற்கும் பெரிய ஆண் மீன் வயதானதாக இருக்கக்கூடும். வளர்ப்பவரிடமிருந்தே நேரடியாக வாங்கினால் வயது தெரியும். ஆண் மீனுக்குத் துடுப்புகள் நீண்டும் நிறம் அடர்ந்தும் இருக்கும். பெண் மீன் சற்றுக் குட்டையான துடுப்புகளுடன், முட்டை நிறைந்த பருவத்தில் வயிறு பருத்துக் காணப்படும். அடிவயிற்றில் ஓர் வெண்புள்ளி துருத்திக்கொண்டிருக்கும். முட்டை வெளிவரும் துளை அதுவே. குட்டைத்துடுப்புள்ள ஆண் வகையும் உண்டு என்பதால் துடுப்பை மட்டும் நம்பாமல் இப்புள்ளியையும் பார்த்து வாங்க வேண்டும்.

ஆணையும் பெண்ணையும் தனித்தனியே வைத்து, பத்து முதல் பதினான்கு நாட்கள் வரை உயிர் இரை கொடுத்துத் தேற்ற வேண்டும். கொசுப்புழுவைக் காட்டிலும் மலிவான இரை இல்லை. ஒரு சட்டியில் நீர் வைத்தால் தானே வரும். ஆனால் அச்சட்டியை மூன்று நாளுக்கு ஒருமுறை முழுவதும் வடிகட்டிவிட வேண்டும். மறந்து விட்டுவிட்டால் புழு கொசுவாகிப் பறந்துவிடும். ஊருக்கு டெங்குவை வளர்த்துக் கொடுத்ததாக முடியும். சாக்கடை ஓரங்களில் எடுக்கப்படும் சிவப்புப் புழுவை ஓடும் நீரில் பலமுறை அலசிய பிறகே கொடுக்கலாம். அதனைத் தவிர்த்தாலும் குறையொன்றுமில்லை.

குமிழிக் கூடு

சுமார் 20 லிட்டர் கொள்ளும் தொட்டியே போதும். நீர் மட்டம் 10 முதல் 15 செ.மீ. வரை இருந்தால் போதுமானது. அடியில் மணலோ கூழாங்கல்லோ போடக்கூடாது. விழும் முட்டைகளை ஆண் மீன் பொறுக்கி எடுக்க வேண்டியிருப்பதால் தரை வெறுமையாக இருத்தல் வேண்டும். பெண் மீன் ஒளிந்துகொள்ள ஒரு பக்கத்தில் வேலம்பாசி போன்ற நீர்ச்செடி கொஞ்சம் இடலாம். நீரின் வெப்பம் 26 முதல் 30 டிகிரி சென்டிகிரேடு வரை இருப்பது நல்லது. நம் பகுதிகளில் ஆண்டின் பெரும்பகுதி இவ்வெப்பம் தானாகவே அமைகிறது. மார்கழி, தை மாத இரவுகளில் மட்டும் தொட்டியை வீட்டுக்குள் வைத்து மூடிவிட வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரானால் இரண்டு நாள் வாய் அகன்ற பாத்திரத்தில் வைத்து, அவ்வப்போது ஆற்றி ஊற்றிய பின் பயன்படுத்துதல் வேண்டும்.

வாதாங்கொட்டை மரத்தின் தானாக உதிர்ந்து காய்ந்த இலை ஒன்றைக் கழுவிப் போட்டால் நீர் தேநீர் நிறம் பெறும். தாய்லாந்து வளர்ப்போர் நெடுநாளாகக் கைக்கொள்ளும் முறை இது. இலையிலிருந்து இறங்கும் துவர்ப்புப் பொருள் முட்டையில் பூஞ்சை படராமல் காக்க உதவுகிறது. இலைக்கடியில் நுண்ணுயிர்களும் பெருகும். பச்சை இலையைப் பறித்துப் போடக்கூடாது.

பிளாஸ்டிக் கோப்பை ஒன்றை நீளவாக்கில் பாதியாக வெட்டி, கவிழ்த்த நிலையில் நீர்மேல் ஒட்டிவைத்தால் ஆண் மீன் அதனடியில் வாய்க்குமிழிகளை ஊதிக் கூடு கட்டும். முதலில் ஆண் மீனைத் தொட்டியில் விட வேண்டும். பெண் மீனை ஒரு கண்ணாடிப் புட்டியிலிட்டு, அப்புட்டியைத் தொட்டிக்குள் நிறுத்தி, ஒரு நாள் ஒன்றையொன்று பார்க்கும்படி செய்ய வேண்டும். ஆண் கூடு கட்டத் தொடங்கி, பெண்ணின் உடலில் மேலிருந்து கீழாகக் கோடுகள் தோன்றினால் இரண்டும் இசைந்துவிட்டன என்று பொருள். இக்கோடுகள் தோன்றாமல் அவசரப்பட்டுத் திறந்துவிட்டால் பெண் மீன் கடிபட்டுச் சாகும்.

திறந்துவிட்ட பிறகும் துரத்தலும் கடித்தலும் ஓரளவு நடக்கத்தான் செய்யும். துடுப்பு சிறிது கிழிவது பற்றிக் கவலை வேண்டாம். இரண்டு மூன்று நாள் கழிந்தும் முட்டையிடாவிட்டால் பிரித்தெடுத்து, ஒரு வாரம் தேற்றி மீண்டும் முயலலாம்.

முட்டையிடும் காட்சி மாணவர் அருகிருந்து பார்க்க வேண்டியது. கூட்டின் கீழே ஆண் மீன் தன் உடலை வளைத்துப் பெண்ணைச் சுற்றிக்கொள்ளும். சிறிது நேரம் இரண்டும் அசைவற்றிருக்கும். பிடி தளர்ந்ததும் வெண்மையான முட்டைகள் கீழே உதிரும். ஆண் மீன் பாய்ந்து அவற்றை வாயில் பொறுக்கிக் கூட்டில் ஒட்டும். இவ்வாறு பலமுறை, சில மணி நேரம் நடைபெறும். நூறிலிருந்து ஐந்நூறு வரை முட்டைகள் கிடைக்கலாம். எல்லாம் முடிந்ததும் ஆண் மீன் பெண்ணை விரட்டத் தொடங்கும். உடனே பெண்ணை எடுத்துவிட வேண்டும்.

ஒன்றரை நாள் அளவில் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகள் முதலில் வால் கீழாகக் கூட்டில் தொங்கும். நழுவி விழுபவற்றை ஆண் மீன் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். மேலும் இரண்டு மூன்று நாளில் வயிற்றில் உள்ள மஞ்சள் கரு தீர்ந்து, குஞ்சுகள் படுக்கைவாட்டில் நீந்தத் தொடங்கும். அந்த நாளே ஆண் மீனையும் எடுத்துவிட வேண்டிய நாள். தாமதித்தால் காத்த தந்தையே குஞ்சைத் தின்றுவிடக்கூடும்.

முதல் பதினைந்து நாட்கள்

குஞ்சு நீந்தத் தொடங்கிய அன்றே இரைப்புட்டியின் தெளிந்த நீரைக் காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர் வீதம் தொட்டியில் மெதுவாக ஊற்ற வேண்டும். ஜாடியின் அடியில் உள்ள வண்டலைக் கலக்காமல் மேல் நீரை மட்டும் எடுப்பது முக்கியம். எடுத்த அளவுக்குப் பழைய நீரை ஜாடியில் ஊற்றி, ஓரிரு வைக்கோல் துண்டு சேர்த்தால் வளர்ப்பு தொடரும். பச்சைப் பாசி நிறம் கொண்ட தொட்டி நீரிலும் இவ்வகை இரை ஓரளவு உண்டு.

குஞ்சு தின்றதா என்பதை எவ்வாறு அறிவது? கைவிளக்கைப் பக்கவாட்டில் அடித்து, பூதக்கண்ணாடியால் பார்க்க வேண்டும். தின்ற குஞ்சின் வயிறு சிறு உருண்டையாகத் தெரியும். பட்டினி கிடந்த குஞ்சின் வயிறு உள்ளொடுங்கித் தலை மட்டும் பெரிதாகத் தோன்றும். அந்த நிலையை எட்டிய குஞ்சு பிறகு இரை கிடைத்தாலும் தேறுவது அரிது. ஆகவே இந்தச் சோதனையைத் தினமும் இருமுறை செய்ய வேண்டும். பள்ளிக்குச் செல்லுமுன் ஒரு முறை, வந்ததும் ஒரு முறை என்று வைத்துக்கொள்வது எளிது.

அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் பிழிந்து ஊற்றும் பழக்கம் பலரிடம் உண்டு. அவசரத்துக்கு ஓரிரு சொட்டு ஊற்றலாம். அதையே நம்பியிருப்பது தவறு. தின்னாமல் எஞ்சும் கரு சில மணி நேரத்தில் அழுகி, நீரைக் கெடுத்துவிடும். குஞ்சு வளர்ப்பில் பட்டினிக்கு அடுத்த பெரிய கொலையாளி இந்த மஞ்சள் கருதான்.

நான்காம், ஐந்தாம் நாளிலிருந்து சற்றுப் பெரிய இரை வேண்டும். இங்கே இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர் இறால் வகையின் முட்டை. வண்ண மீன் கடைகளில் சிறு பொட்டலமாகக் கிடைக்கும். விலை சற்று அதிகம்தான். ஒரு லிட்டர் நீரில் 25 கிராம் கல்லுப்பைக் கரைத்து, கால் தேக்கரண்டி முட்டையிட்டு, காற்று பம்பினால் நன்றாகக் குமிழியிடச் செய்தால் ஒரு நாளிலிருந்து ஒன்றரை நாளில் பொரிக்கும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் ஓடுகள் மேலே மிதக்கும். ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் வெளிச்சம் உள்ள பக்கம் கூடும். அவற்றை மட்டும் குழாயால் உறிஞ்சி, துணியில் வடிகட்டி, நல்ல நீரில் அலசிக் கொடுக்க வேண்டும். ஓடுகள் சேர்ந்துபோனால் குஞ்சின் குடலை அடைத்துவிடும். தின்ற குஞ்சின் வயிறு ஆரஞ்சு நிறமாக மாறிவிடுவதால் எத்தனை குஞ்சுகள் தின்றன என்பதை ஒரே பார்வையில் அறியலாம். நல்ல நீரில் ஆர்ட்டீமியா சில மணி நேரமே உயிரோடிருக்கும். எனவே கொஞ்சம் கொஞ்சமாகவே கொடுக்க வேண்டும்.

இரண்டாவது வழி, மொய்னா என்னும் நீர்ப்பூச்சி. இதற்குச் செலவு மிகக் குறைவு. சிமெண்ட் தொட்டியிலோ பெரிய பிளாஸ்டிக் தொட்டியிலோ நீர் நிரப்பி, உலர்ந்த சாணமும் ஊறவைத்த கடலைப் பிண்ணாக்குக் கரைசலும் சிறிதளவு இட்டு, நீர் இளம்பச்சையாகக் கலங்கியதும் மொய்னா விதையை விட்டால் ஒரு வாரத்தில் பெருகிவிடும். நீர் தெளியத் தொடங்கும்போது மீண்டும் சிறிது உரமிட வேண்டும். ஒரேயடியாக அதிகம் இட்டால் நீர் அழுகி எல்லாம் மடியும். இத்தொட்டிக்கும் கொசுவலை போட்டு மூடுவது கட்டாயம். பெரிய மொய்னாவைக் குஞ்சு தின்ன முடியாது. மெல்லிய துணி, சற்று அகன்ற துணி என இரண்டில் சலித்துச் சிறியவற்றை மட்டும் இளங்குஞ்சுக்குக் கொடுக்க வேண்டும். சாணமும் பிண்ணாக்கும் வீட்டிலேயே உள்ள விவசாயிக்கு இவ்வழியே ஏற்றது. முதல் ஈட்டுக்கு மட்டும் ஆர்ட்டீமியா ஒரு பொட்டலம் கைவசம் வைத்திருப்பது பாதுகாப்பு.

முதல் வாரம் தொட்டி நீரை மாற்றவே வேண்டாம். அடியில் சேரும் கசடை மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்து, அதில் வந்துவிட்ட குஞ்சுகளைத் திரும்ப விட்டால் போதும். பின்னர் இரண்டு நாளுக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றலாம். குஞ்சு வளர வளர இந்த அளவைக் கூட்ட வேண்டும். புதுநீர் தொட்டி நீரின் அதே வெப்பத்தில் இருத்தல் வேண்டும்.

தொட்டியைக் கண்ணாடியாலோ பாலித்தீன் தாளாலோ மூடிவைப்பதற்கும் காரணம் உண்டு. காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு குஞ்சுக்குப் பிறவியில் இல்லை. மூன்றாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரத்துக்குள் மெல்ல உருவாகிறது. அக்காலத்தில் நீருக்கு மேலே உள்ள காற்று குளிர்ந்தோ வறண்டோ இருந்தால் குஞ்சுகள் கூட்டமாக மடியும். மூடிவைத்த தொட்டியில் நீரின் மேலுள்ள காற்று வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருக்கும். முழுதும் அடைத்துவிடாமல் ஒரு விரல் இடைவெளி விடலாம்.

புட்டிகளின் கணக்கு

ஏழு எட்டு வாரத்தில் ஆண் மீன்களின் துடுப்பு நீளத் தொடங்கும், சண்டையும் தொடங்கும். கிழிந்த வாலுள்ள மீனைக் கடைக்காரர் வாங்கமாட்டார். அடையாளம் தெரியும் ஆண் மீன்களை ஒவ்வொன்றாகத் தனிப்புட்டியில் பிரித்துவைக்க வேண்டும். பெண் மீன்கள் ஒரே தொட்டியில் கூடி வளரலாம். தாய்லாந்தில் தட்டையான மதுப்புட்டிகளை வரிசையாக அடுக்கி வளர்க்கின்றனர். நம் ஊரில் வாய் அகன்ற ஒரு லிட்டர் புட்டி எதுவும் ஆகும். புட்டிகளுக்கிடையே ஓர் அட்டைத் துண்டைச் செருகிவைத்தால் மீன்கள் நாளெல்லாம் ஒன்றையொன்று பார்த்துச் சீறி இளைப்பது நிற்கும்.

இங்கேதான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஓர் ஈட்டில் எண்பது மீன்கள் தேறி, அவற்றில் பாதி ஆண் என்று கொண்டால் நாற்பது புட்டிகள் வேண்டும். வாரத்துக்கு இருமுறை நீர் மாற்றினால் எண்பது முறை கை வைக்க வேண்டும். ஒரு புட்டிக்கு இரண்டு நிமிடம் என்றாலும் வாரத்துக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பழகிய நீர் எண்பது லிட்டர் வேண்டும். இந்த வேலை ஆறு முதல் எட்டு வாரம் நீடிக்கும். பரீட்சைக் காலம் குறுக்கே வந்தால் யார் செய்வது என்பதையும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் மீன் வாங்கித் தேற்றத் தொடங்கினால், வடகிழக்குப் பருவமழையின் குளிருக்கு முன் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும்.

சண்டை மீனில் இலாபம் என்று கேள்விப்பட்டு, கடன் வாங்கி ஐம்பது தொட்டி கட்டும் எண்ணம் கொண்ட பெரியவர்களுக்கும் பிள்ளையின் செயல்திட்டம் நல்ல சோதனை. ஓர் ஈட்டுக்குத் தீவனம், மின்சாரம், புட்டி, இறப்பு, நேரம் ஆகியவை எவ்வளவு என்று பிள்ளையின் குறிப்பேட்டில் எழுதப்பட்டிருக்கும். அந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு வங்கிக்குச் செல்வது வேறு. கேள்விப்பட்டதை வைத்துக்கொண்டு செல்வது வேறு. விலைபோவது பெரும்பாலும் ஆண் மீனே. சாதாரண நீள்வால் வகைக்கு விலை குறைவு. வால் அரைவட்டமாக விரியும் அரைநிலா வகை, வால் நுனி கதிர்கதிராகப் பிரிந்த கிரீடவால் வகை ஆகியவற்றுக்கு விலை கூடும். எந்த வகை தம் ஊர்க் கடையில் போகும் என்பதை ஜோடி வாங்குமுன்பே இரண்டு மூன்று கடைக்காரர்களிடம் கேட்டறிய வேண்டும். பயிற்சி வேண்டுவோர் அருகிலுள்ள மீன்வளத்துறை அலுவலகத்தையோ வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகிக் கேட்கலாம்.

குறிப்பேட்டில் மெண்டல்

மேல்வகுப்பு மாணவர்கள் இன்னும் ஒரு படி போகலாம். மெண்டலின் பட்டாணிக் கணக்கைப் படத்தில் மட்டுமே பார்த்திருப்பார்கள். சண்டை மீனின் நீல நிறங்களில் அதே கணக்கை உயிரோடு பார்க்கலாம். மயில்பச்சை கலந்த நீலம், அடர்ந்த அரச நீலம், சாம்பல் படிந்த எஃகு நீலம் என மூன்று உண்டு. மயில்பச்சை நீலத்தையும் எஃகு நீலத்தையும் சேர்த்தால் குஞ்சுகள் அனைத்தும் அரச நீலமாகப் பிறக்கும். அரச நீலத்தையும் அரச நீலத்தையும் சேர்த்தாலோ குஞ்சுகள் மூன்று நிறமாகப் பிரியும். நான்கில் ஒரு பங்கு மயில்பச்சை நீலம், இரண்டு பங்கு அரச நீலம், ஒரு பங்கு எஃகு நீலம் என்பது கணக்கு. நாற்பது மீன்களை எண்ணினால் சரியாகப் பத்து, இருபது, பத்து என்று வராது, அதையொட்டி வரும். எவ்வளவு விலகியது என்று எழுதுவதும் செயல்திட்டத்தின் பகுதியே.

வீரிய ஒட்டு ரகத்தின் மகசூலிலிருந்து விதை எடுத்து விதைத்தால் பயிர் ஏன் ஒரே சீராக வருவதில்லை என்று பல வீடுகளில் கேட்பதுண்டு. அரச நீல ஜோடியின் குஞ்சுகளைத் தொட்டியில் பார்த்தவர்களுக்கு அதன் விடையும் கிடைத்துவிடும். நெல்லுக்கும் மீனுக்கும் விதி ஒன்றே.

நோயும் தடுப்பும்

உடலில் உப்பு தூவியது போன்ற வெண்புள்ளி, பொன்துகள் பூசியது போன்ற துருநோய், துடுப்பு அழுகல் ஆகிய மூன்றே பெரும்பாலும் வருபவை. நீர் கெடுவதும் வெப்பம் திடீரென மாறுவதுமே பல நேரங்களில் முதற்காரணம். நோயுற்ற மீனைத் தனியே பிரித்து, நீரை மாற்றி, லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்பு சேர்ப்பது முதலுதவி. புதிதாக வாங்கிய மீனை இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்த்த பின்னரே மற்ற மீன்களுக்குப் பயன்படுத்தும் வலை, குழாய் ஆகியவற்றை அதற்கும் பயன்படுத்த வேண்டும்.

இரண்டு ஆண் மீன்களை ஒன்றாக விட்டு வேடிக்கை காட்டுவது, பந்தயம் கட்டுவது ஆகியவற்றுக்குப் பிள்ளைகளை அனுமதிக்கக்கூடாது. பொழுதுபோக்குக்காக உயிரினங்களை மோதவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும்.

மிஞ்சிய மீன்கள்

செயல்திட்டம் முடிந்ததும் மிஞ்சிய மீன்களை இரக்கப்பட்டு ஏரியிலோ வாய்க்காலிலோ விட்டுவிடுவது பெரும் தவறு. இது அயல்நாட்டு மீன். தொட்டி துப்புரவு மீன் என்று வீடுகளுக்கு வந்த சக்கர் மீன், நீர்நிலைகளில் விடப்பட்டுப் பெருகி, மீனவர் வலையில் விலைபோகாத சுமையாக வந்து விழுவதைத் தமிழ்நாட்டில் பல இடங்களில் பார்க்கிறோம். விற்காத ஆண் மீன்களைப் பள்ளி ஆய்வகத்துக்கோ நண்பர்களுக்கோ கொடுக்கலாம். பெண் மீன்களைச் செடி நிறைந்த ஒரே தொட்டியில் வைத்து வளர்க்கலாம். அவற்றில் நன்கு வளர்ந்த இரண்டை அடுத்த ஈட்டுக்குத் தாயாக நிறுத்திக்கொண்டு, ஆண் மீனை மட்டும் வேறு வளர்ப்பவரிடமிருந்து வாங்கினால் இரத்தக் கலப்பு நெருங்காமல் இருக்கும்.

விற்பனைக்கு எடுத்துச் செல்லும் முதல் நாள் மீனுக்கு இரை கொடுக்கக்கூடாது. தடித்த சிறு பாலித்தீன் பையில் மூன்றில் ஒரு பங்கு பழகிய நீரும், மீதி காற்றுமாக வைத்து, ஒரு பைக்கு ஒரு மீன் வீதம் கட்ட வேண்டும். ஒன்றையொன்று பாராதபடி ஒவ்வொரு பையையும் செய்தித்தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியில் நெருக்கமாக அடுக்கி, வெயில் ஏறுமுன் பேருந்து பிடித்துவிட்டால் பெரும்பாலும் சேதமின்றிக் கடை போய்ச் சேரும்.